நார்த் ஷோர் காட்டுத் தடங்கள்: மரம் போய் மண் வந்த கதை

கனடாவின் வான்கூவர் நகருக்கு வடக்கே, கடற்கழியைத் தாண்டியவுடன் மலைகள் எழும்பிவிடுகின்றன. மேற்கே சைப்ரஸ், நடுவில் ஃப்ரோம், கிழக்கே சீமோர். இந்தச் சரிவுகளுக்கெல்லாம் சேர்த்து நார்த் ஷோர் என்று பெயர். மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது மரத்தாலான ஏணிப்பாலங்கள்தான். பெரணிகளுக்கு மேலே, ஆள் உயரத்தில், கைப்பிடி எதுவும் இல்லாமல், சில இடங்களில் டயரைவிடக் கொஞ்சமே அகலமாக ஓடும் பலகைப் பாதைகள் அவை. 1990களின் இறுதியில் வீடியோ நாடாக்களும் பத்திரிகைப் படங்களும் அவற்றை உலகெங்கும் கொண்டுபோயின. பிற நாடுகளில் காட்டுக்குள் யாராவது ஒரு மரப்பாலம் அடித்தால் அதை 'நார்த் ஷோர் பாணி' என்றே சொன்னார்கள்.

இன்று அந்தக் காட்டுக்குப் போகிறவர் காண்பது பெரும்பாலும் மண்ணும் கல்லும். உயரத்தில் ஓடிய மரப்பாதைகளில் பலவும் இப்போது இல்லை. இந்த மாற்றத்துக்குச் சொல்லப்படும் வழக்கமான காரணங்கள் இரண்டு: ஓட்டுகிறவர்களின் ரசனை மாறிவிட்டது, வழக்குக்குப் பயந்து அதிகாரிகள் பிரித்துப் போட்டுவிட்டார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுக்கும் முன்னால் வைக்க வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. அது தண்ணீர். மரப்பாலம் பிறந்ததும் தண்ணீரால், அது அழிந்ததும் தண்ணீரால், அதற்குப் பின் வந்த மண்பாதையின் ஒவ்வொரு வளைவையும் தீர்மானிப்பதும் தண்ணீரே. இந்த ஆய்வு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது.

காடும் மழையும்

வான்கூவர் விமான நிலையத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அங்கிருந்து சில மைல் வடக்கே, மலையடிவாரத்தில், அது ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடுகிறது. பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் முட்டிக்கொள்வது இந்த மலைகளில்தான். அக்டோபரில் தொடங்கும் மழை வசந்தம் வரை விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருக்கும். சீடார், ஹெம்லாக், டக்ளஸ் ஃபிர் மரங்கள் நெருக்கமாக நிற்கும் மழைக்காடு இது. தரையில் பாறை, பாறைமேல் மெல்லிய மண், மண்மேல் பல ஆண்டுகளாக விழுந்து மட்கிய ஊசியிலைகளும் பட்டைகளும். ஆழமாக இறங்க வழியில்லாத வேர்கள் மேலேயே பின்னிக்கொண்டு பரவியிருக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சரிவுகளில் மரம் வெட்டிகள் புகுந்தார்கள். ஃப்ரோம் மலையடியில் உள்ள லின் பள்ளத்தாக்கில் கூரைப்பலகை அறுக்கும் ஆலைகள் இருந்தன. ஃப்ரோம் என்ற பெயரே அங்கே மரத்தொழில் நடத்திய ஒருவருடையது. அன்று வெட்டப்பட்ட ராட்சதச் சீடார்களின் அடிக்கட்டைகள் இன்றும் காட்டுக்குள் நிற்கின்றன. வெட்டியவர்கள் பலகை செருகி ஏறி நிற்பதற்காகப் போட்ட பள்ளங்கள் கட்டைகளின் பக்கவாட்டில் அப்படியே தெரியும். ஆலைக்குக் கொண்டுபோகாமல் விட்டுப்போன சீடார் துண்டுகளும், காற்றில் சாய்ந்த மரங்களும் காடெங்கும் கிடந்தன. சீடாரில் இயற்கையாகவே உள்ள எண்ணெய்ப்பசை அதை எளிதில் மட்கவிடாது. பல பத்தாண்டுகள் ஈரத்தில் கிடந்த துண்டுகூட உள்ளே கெட்டியாக இருக்கும். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி தேவை. மரம் வெட்டிகள் விட்டுப்போன மிச்சம்தான் சைக்கிள்காரர்களுக்குக் கட்டுமானப் பொருளாயிற்று.

ஏணிப்பாலம் வந்த விதம்

1980களில் ஃப்ரோம் மலையில் சைக்கிளோடு இறங்கியவர்கள் நடைபாதைகளையும் பழைய மரத்தொழில் வழிகளையும் பயன்படுத்தினார்கள். பிறகு தங்களுக்கென்று பாதை வெட்டத் தொடங்கினார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்காது, கேட்க வேண்டும் என்ற எண்ணமும் அன்று பலருக்கு இல்லை. ரம்பமும் குப்பைவாரியும் எடுத்துக்கொண்டு போய், விழுந்த மரத்தை அறுத்து, இலைமட்கை வாரி ஒதுக்கி, நேராக மலையடிவாரம் நோக்கி ஒரு வழி போட்டுவிடுவார்கள். செங்குத்தாக இறங்கும் பாதைதான் ஓட்டச் சுவையானது என்ற நம்பிக்கை வேறு.

இரண்டு மழைக்காலம் போனதும் பாதையின் நிலை தெரிந்துவிடும். நேரே கீழ்நோக்கி வெட்டிய பாதை மழைநீருக்கும் நல்ல வழி. டயர்கள் மட்கைக் கிளறிவிட, தண்ணீர் அதை அரித்துக்கொண்டு போய்விடும். வேர்கள் வெளியே தெரியும். சமதளம் வருகிற இடத்தில் சேறு குளமாக நிற்கும். ஓட்டுகிறவர்கள் சேற்றைச் சுற்றிக்கொண்டு போக, ஒற்றையடிப் பாதை நான்கடி அகலமாகும், பிறகு பத்தடியாகும்.

இந்தச் சேற்றைத் தாண்டத்தான் மரப்பாலம் வந்தது. டாட் ஃபியாண்டர் என்பவர் இதில் முக்கியமானவர். தோண்டிக்கொண்டே இருந்ததால் அவருக்கு 'டிக்கர்' என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. சீடாரைப் பிளந்து, இரண்டு நீள மரங்களின்மேல் குறுக்குச் சட்டங்களாக ஆணியடித்து, சேற்றுக்கு மேலே ஏணியைக் கிடத்திவிட்டார். சக்கரம் தரையைத் தொடாமல் போனால் தரை கெடாது, வேரும் காயப்படாது. எளிய, நியாயமான தீர்வு. அந்தக் கட்டத்தில் அதில் சாகசம் எதுவும் இல்லை.

அந்தப் பிளக்கும் வேலையைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சீடார் துண்டை நெட்டுக்குத்தாக நிறுத்தி, அதன் மேல்முகத்தில் ஒரு நீளமான மொண்ணைக் கத்தியை வைப்பார்கள். கத்திக்குச் செங்குத்தாகக் கைப்பிடி இருக்கும். கத்தியின் முதுகில் கட்டையால் ஓங்கி அடித்தால் அது ஒரு விரற்கடை இறங்கும். பிறகு அடிக்கத் தேவையில்லை. கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து நெம்பினால் மரம் தன் இழைவழியே கரகரவென்று விரிந்துகொண்டு போகும். ரம்பத்தால் அறுத்த பலகை வழுவழுப்பாக இருக்கும், மழையில் வழுக்கும். பிளந்த பலகையின் மேற்பரப்பில் இழைகள் மேடுபள்ளமாக நிற்பதால் டயருக்குக் கொஞ்சம் பிடிப்புக் கிடைக்கும். கூரைப்பலகை செய்தவர்கள் பயன்படுத்திய அதே கருவி, அதே மரம், அதே மலை. நூறாண்டு இடைவெளியில் கூரைக்குப் போனது பாதைக்கு வந்தது, அவ்வளவுதான்.

பாலம் சேற்றைத் தாண்டியபின், அதைக் கொஞ்சம் உயர்த்தினால் என்ன, கொஞ்சம் குறுக்கினால் என்ன என்ற எண்ணம் வராமல் இருக்குமா? வந்தது. 'டேஞ்சரஸ் டான்' என்று அறியப்பட்ட டான் கோவன் கட்டிய 'ஃப்ளையிங் சர்க்கஸ்' என்ற தடத்தில் ஒல்லியான மரங்களின்மேலேயே வித்தை. பூங்காவில் குழந்தைகள் விளையாடும் சீ-சாவைச் சைக்கிள் பாதையில் கொண்டுவந்து வைத்த பெருமையும் அவருக்குத் தரப்படுகிறது: ஒரு முனையில் ஏற வேண்டும், நடுவைத் தாண்டியதும் பலகை மறுபக்கம் சாயும், சமநிலையை விடாமல் இறங்க வேண்டும். ஃபியாண்டர் கேமராவையும் காட்டுக்குள் தூக்கிப் போனார். அவர் எடுத்த வீடியோக்கள் கடல் கடந்து போயின. இந்த மலைகளில் பழகிய வேட் சிம்மன்ஸ் 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்த முதல் ரெட் புல் ராம்பேஜ் என்ற மலைச் சைக்கிள் சாகசப் போட்டியை வென்றார். ஊர் புகழ்பெற்றது. ஓட்டுகிறவர்கள் பெருகினார்கள்.

தொடக்கத்தில் பாலம் எதற்குக் கட்டப்பட்டது என்பது இந்த ஆரவாரத்தில் மறந்துபோயிற்று. ஈரத்தைத் தாண்டக் கட்டியதை, காய்ந்த இடத்திலும் உயரத்துக்காகவே கட்டினார்கள். என் பார்வையில் நார்த் ஷோரின் மரக்காலம் திசை மாறியது அங்கேதான்.

யாருடைய நிலம்

இந்த மலைகள் ஸ்குவாமிஷ், ஸ்லேவாட்டுத், மஸ்குவியம் ஆகிய முதற்குடி மக்களின் மரபுவழி நிலம். அரசுப் பதிவேட்டில் அது பல கைகளில் இருக்கிறது. ஃப்ரோமின் பெரும்பகுதி நார்த் வான்கூவர் மாவட்ட நகராட்சியுடையது. சீமோரில் ஒரு பகுதி மாகாணப் பூங்கா. இன்னொரு பகுதி பெருநகர நிர்வாகத்தின் பாதுகாப்பு வனம். அதை ஒட்டிய நீர்ப்பிடிப்புப் பகுதிதான் நகரத்துக்குக் குடிநீர் தருகிறது. அங்கே பொதுமக்கள் நுழையவே கூடாது. சைப்ரஸ் சரிவில் ஒரு நில மேம்பாட்டு நிறுவனத்தின் தனியார் நிலம் கணிசமாக உண்டு. ஒரே வகைப் பாதை, நான்கு வகை உரிமையாளர். ஒருவர் கண்டும் காணாமல் விட்டதை இன்னொருவர் ரம்பத்தோடு வந்து அறுத்தார்.

அதிகாரிகளின் அச்சத்தை வெறும் வறட்டுச் சட்டப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் நில உடைமையாளர் பொறுப்புச் சட்டம் அவர்களுக்கு ஓரளவு சாதகமானதே. பொழுதுபோக்குப் பாதையில் மனமுவந்து இறங்குகிறவர் அதன் ஆபத்தையும் ஏற்றுக்கொள்கிறார் என்று அது கருதுகிறது. வேண்டுமென்றே தீங்கு செய்யாமலும், பிறர் பாதுகாப்பை அலட்சியம் செய்யாமலும் இருந்தால் உரிமையாளருக்குப் போதும். ஆனால் முகம் தெரியாத ஒருவர் அடித்த ஆணி துருப்பிடித்திருக்கிறதா, பத்தடி உயரப் பலகை உள்ளே மட்கியிருக்கிறதா என்று யார் பார்ப்பது? பார்த்து, கெட்டுப்போயிருப்பது தெரிந்தபின் பேசாமல் இருந்தால் அது அலட்சியம். பாராமலே இருப்பது அதைவிட மோசம். சீடார் எளிதில் மட்காது என்று சொன்னேன். முழு மரமாக இருக்கும்வரைதான் அது. ஆணித்துளை வழியே தண்ணீர் உள்ளே போன சட்டமும், தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காலும் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. இங்கேயும் காரணம் தண்ணீர்தான். சட்டம் அதன் பின்னால் வந்தது.

பாதைகள் மூடப்படும் நிலை வந்தபோது, 1997இல் நார்த் ஷோர் மலைச் சைக்கிள் சங்கம் உருவானது. அதுவரை ஒளிந்து தோண்டியவர்களின் சார்பில் மேசையில் உட்கார்ந்து பேச ஓர் அமைப்பு கிடைத்தது. பேச்சு எளிதாக இருக்கவில்லை. ஒளிந்து தோண்டியவர்களுக்கு அமைப்பின்மேலேயே சந்தேகம்: அனுமதி என்று போனால் பாதையை மழுங்கடித்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். முழுக்கத் தவறான பயமும் அல்ல அது. மறுபுறம், 2006 கோடையில் நார்த் ஷோரிலும், அதற்கு வடக்கே உள்ள ஸ்குவாமிஷ், விஸ்லர் ஊர்களிலும் பொதுப் பாதைகளுக்கு வந்த வெளியூர் ஓட்டிகள் சுமார் 1.03 கோடி கனடிய டாலர் செலவிட்டார்கள் என்று ஒரு பொருளாதார ஆய்வு கணக்கிட்டது. அப்படியொரு தொகை காதில் விழுந்தபின் நகராட்சிகளின் குரல் மாறுவது இயல்பு. விஸ்லர் நகராட்சி 2003லேயே தடங்களுக்குத் தரவரையறை ஒன்றை வெளியிட்டிருந்தது: பலகை எவ்வளவு உயரம் போனால் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், எந்த அளவுக் கடினத்துக்கு எந்த நிற அறிவிப்புப் பலகை மாட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் வகுத்தார்கள். கைவினையாக இருந்தது அளவுகோலுக்குள் வந்தது.

2011இல் சங்கம் தொடங்கிய தத்தெடுப்புத் திட்டம் இன்னும் பெரிய திருப்பம். ஒரு கடையோ நிறுவனமோ குழுவோ ஒரு தடத்தைத் தத்தெடுத்துப் பணம் தரும். அந்தத் தடத்துக்கென்று பொறுப்பான ஒரு கட்டுநர் இருப்பார். குறிப்பிட்ட நாட்களில் தொண்டர்கள் வந்து அவருக்குக் கீழே வேலை செய்வார்கள். பாதைக்கு முதன்முறையாக ஒரு முகவரி கிடைத்தது. பலகை கெட்டால் யாரைக் கூப்பிடுவது என்று நிலத்துக்காரருக்குத் தெரியும்.

எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் பழைய உரசல் உண்டு. 2015 தொடக்கத்தில், தடங்களின் குறுக்கே மரக்கட்டைகளை இழுத்துப்போட்டு வந்த ஒருவரை, காட்டுக்குள் மறைத்துவைத்த கேமராவின் துணையோடு பிடித்தார்கள். போலீஸ் வழக்கும் வந்தது. வேகமாக இறங்குகிறவர் வளைவைத் திரும்பியதும் எதிரே கட்டை கிடந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தங்கம் தோண்டுதல்

மரம் போனபின் அந்த இடத்துக்கு வந்தது மண். ஆனால் காலடியில் கிடக்கும் மண் எதற்கும் உதவாது. மேலே இருப்பது மட்கு. அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும்பும், நனைந்தால் பஞ்சாகத் தண்ணீரை வைத்துக்கொள்ளும். நார்த் ஷோர் கட்டுநர்கள் தேடுவது அதற்குக் கீழே, பாறைக்கு மேலே கிடைக்கும் அடிமண். மணலும் களியும் பொடிக்கல்லும் கலந்த செம்பழுப்பு நிற மண் அது. அங்கே அதைத் 'தங்கம்' என்றுதான் சொல்கிறார்கள். வேடிக்கைக்காக வைத்த பெயர். ஆனால் கிடைக்கிற பாட்டைப் பார்த்தால் பொருத்தமானதே.

பரிசோதனை எளிது. ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் மணல் அதிகம், அல்லது ஈரம் போதாது. விரலில் பசையாக ஒட்டினால் களி அதிகம், மழையில் வழுக்கும். உருண்டையாக நின்று, கட்டைவிரலால் நடுவில் அழுத்தியதும் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் நல்ல மண். உள்ளே நார்போல வேர்த்துணுக்குகள் தெரிந்தால் சலிக்க வேண்டும், அல்லது இன்னும் ஆழமாகப் போக வேண்டும்.

இந்த மண்ணுக்காகத் தடத்திலிருந்து கொஞ்சம் தள்ளிக் குழி தோண்டுகிறார்கள். முதலில் மேல்மட்கைத் தனியே ஒதுக்கி வைக்கிறார்கள். அடிமண்ணை வாளிவாளியாகத் தடத்துக்குச் சுமந்து போகிறார்கள். வேலை முடிந்தபின் குழியில் கட்டைகளையும் ஒதுக்கிய மட்கையும் போட்டு மூடி, பெரணியை நட்டுவிட்டு வருகிறார்கள். மரத்தின் பெரிய வேர்ப்பரப்புக்குள் குழி தோண்டக்கூடாது. மரத்தடியைச் சுற்றி மண்ணைக் குவிக்கவும் கூடாது. குவித்தால் வேருக்குக் காற்றுப் போகாமல் மரம் மெல்லச் சாகும். இந்த இரண்டாவது விதியை அவசரக்காரர்கள் அடிக்கடி மீறுகிறார்கள், ஏனென்றால் மரத்தடி மேடு வளைவுக்குக் கரையாக நிற்க மிக வசதியானது.

மண் கிடைத்தாலும் அதை எங்கே போடுவது என்பதே பெரிய கேள்வி. இன்றைய பாதை நேராக இறங்குவதில்லை. சரிவின் குறுக்கே ஓடுகிறது. பாதையின் சாய்வு மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக்கூடாது. மொத்தச் சராசரி சுமார் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. தாண்டினால் தண்ணீர் குறுக்கே கடந்து போகாமல் பாதையோடு சேர்ந்து ஓடத் தொடங்கும். பாதையின் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். இறங்கிக்கொண்டே போகும் பாதை அங்கங்கே ஒரு சிறு ஏற்றமாக எழும்ப வேண்டும். அந்த ஏற்றத்துக்கு முன்னால் உள்ள தாழ்வில் தண்ணீர் வெளியேறிவிடும். வரப்பை வெட்டி மடைவிட்டு வயலில் தேங்கும் நீரை வடிக்கிற அதே கணக்கு. ஓட்டுகிறவருக்கு அந்த ஏற்றம் ஒரு சுகமான துள்ளல். கட்டியவருக்கு அது வடிகால். ஒரே மேடு இரண்டு வேலை செய்யும்போதுதான் கட்டுநரின் கைத்திறம் தெரிகிறது.

ஈரம் வடியவே வடியாத இடங்களில் கல் பாவுகிறார்கள். மேலோட்டமாகப் பரப்பினால் ஒரே பருவத்தில் புரண்டுவிடும். கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கும்படி, ஒன்றை ஒன்று நெருக்கி, இடைவெளியில் சிறுகல்லை அடித்து இறுக்க வேண்டும். கடப்பாரைதான் இங்கே முக்கியக் கருவி. இரண்டு மூன்று பேர் சேர்ந்து நெம்பியும் அசையாத கல்லுக்குக் கைச்சுழல் விசையுள்ள கம்பி இழுவை. வெட்டுவதற்குப் புலாஸ்கி: ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் களைக்கொத்து, காட்டுத்தீயை அணைப்பவர்களுக்காக வந்த கருவி. ஒரு நாள் முழுக்க ஐந்தாறு பேர் வேலை செய்து சில மீட்டர் பாவினால் அது நல்ல நாள்.

ஒரு ஜம்ப்பின் கணக்கு

ஜம்ப் என்பது மூன்று பகுதி: எழுப்பிவிடும் ஏறுமுகம், நடுவில் மண் நிரப்பித் தட்டையாக்கிய மேசை அல்லது வெற்றிடம், பின்னால் இறங்குமுகம். பார்க்கிறவர்கள் ஏறுமுகத்தைப் பார்க்கிறார்கள். கட்டுகிறவர் இறங்குமுகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, 30 பாகை ஏறுமுகத்தில் கிளம்புகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் தடையையும் அவர் உடலை மடக்கி நீட்டுவதையும் விட்டுவிட்டால், அதே மட்டத்தில் 5.7 மீட்டர் தள்ளி இறங்குவார். வேகம் 25 கிலோமீட்டராகக் குறைந்தால் அது 4.3 மீட்டர்தான். முன்னால் ஒரு சேற்றுக்குழி சக்கரத்தை ஒரு நொடி பிடித்துவைத்தாலே அந்த நான்கு கிலோமீட்டர் போய்விடும். இறங்குமுகம் 4.5 மீட்டரில் தொடங்கினால் முதலாமவர் சுகமாக இறங்குவார். இரண்டாமவர் அதன் முனையில் மோதுவார்.

இறங்கும் தரையின் சாய்வு அதைவிட முக்கியம். மேலே சொன்ன முதலாமவர் சமதரையில் இறங்கினால் 80 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து நேரே விழுந்த அதிர்ச்சி. 25 பாகை சாய்ந்த தரையில் இறங்கினால் அது சில சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பனிச்சறுக்குத் தாவல்களில் இந்தச் 'சம விழுஉயரக்' கணக்கைக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த மான்ட் ஹப்பர்ட் விரிவாக ஆராய்ந்தார். மண்ணுக்கும் அதே இயற்பியல்தான். பறந்து வரும் கோணத்துக்கு இணையாகத் தரை இருந்தால் அடியே தெரியாது.

இப்போது மண்ணின் கணக்கைப் பாருங்கள். 1.2 மீட்டர் உயரம், 1.5 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஏறுமுகம், 4.5 மீட்டர் மேசை, 4 மீட்டர் இறங்குமுகம். பக்கச்சரிவுகளை விட்டுவிட்டாலும் 14 கன மீட்டருக்கு மேல் வருகிறது. அது இறுக்கிய அளவு. தோண்டிய மண் உப்பியிருக்கும்; கால் பங்கு கூட்டினால் 18 கன மீட்டர். 20 லிட்டர் வாளியில் 900 நடை. ஒரே ஒரு ஜம்ப்புக்கு.

இதில் மேசையை மட்டும் விட்டுவிட்டால் பாதிக்கு மேற்பட்ட மண் மிச்சம். அதோடு, நடுவில் விட்ட இடத்திலேயே குழி தோண்டி அந்த மண்ணை இருபுறமும் ஏற்றிவிடலாம், சுமக்கவே வேண்டாம். கையால் தோண்டுகிற காடுகளில் வெற்றிடம் விட்ட ஜம்ப்புகள் அதிகம் இருப்பதற்குத் துணிச்சல் மட்டும் காரணமல்ல, முதுகுவலியும் காரணம். ஆனால் அப்படி மிச்சம் பிடித்த உழைப்பின் விலையை, வேகம் போதாமல் குழிக்குள் விழுகிற கற்றுக்குட்டி கொடுக்கிறார். அந்தக் குழியில் மழைநீரும் தேங்கி, இரண்டு பக்கமும் அடியில் கரையத் தொடங்கும்.

1999இல் திறந்த விஸ்லர் சைக்கிள் பூங்காவில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே புகழ்பெற்ற 'ஏ-லைன்' தடத்தின் மேசைகளை இயந்திரம் எழுப்பியது. மண்ணைப் பற்றி அது கணக்குப் பார்ப்பதில்லை. கையால் கட்டுகிறவருக்குக் கிடைத்த வழி வேறு: மலையையே இறங்குமுகமாக்குவது. தடம் சரிவின் குறுக்கே போகையில், சமதளம் முடிந்து நிலம் தானே கீழிறங்கும் விளிம்பில் ஒரு சிறு ஏறுமுகம் வைத்தால் போதும். இறங்குமுகத்துக்கு வேண்டிய மண் முழுவதையும் மலை கொடுத்துவிடுகிறது. அப்படிப்பட்ட விளிம்பைத் தேடி ஒரு நாள் முழுக்கக் காட்டில் சும்மா நடப்பது வீண் வேலை இல்லை. 900 நடை 100 நடையாகக் குறையும்.

ஏறுமுகத்தை எழுப்பும்போது சோம்பல்படும் இடம் ஒன்று உண்டு: உள்ளே கட்டைகளைப் போட்டு மேலே மண் பூசுவது. சீக்கிரம் உயரம் வரும், பார்க்கவும் நன்றாக இருக்கும். கட்டை மட்க மட்க உள்ளே பொந்து விழும். ஏறுமுகத்தின் வளைவு நடுவில் அமுங்கும். ஒரு நாள் சக்கரம் புதைந்து ஆள் தலைகுப்புறப் போவார். சரியான முறையில், அரையடிக்கும் குறைவான அடுக்காக மண் போட்டு, ஈரம் பார்த்து, மண்வெட்டியின் முதுகால் அடித்து இறுக்கி, பிறகுதான் அடுத்த அடுக்கு. வளைவின் ஆரம் சிறிதானால் ஓட்டுகிறவரை அது உதைத்துத் தள்ளும்: அதே 29 கிலோமீட்டர் வேகத்தில் 3 மீட்டர் ஆர வளைவு உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கூடுதல் அழுத்தம் தரும், 5 மீட்டரானால் அது ஒன்றே கால் மடங்குச் சொச்சம்.

சைக்கிள் காட்டை அழிக்கிறதா

இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் எழும். 1994இல் அமெரிக்காவின் மான்டானாவில் வில்சன், சீனி இருவரும் செய்த சோதனையில், கால்களும் குளம்புகளும் சக்கரங்களைவிட அதிக மண்ணைப் பெயர்த்தன. 2001இல் கனடாவின் ஒன்டாரியோவில் தர்ஸ்டன், ரீடர் வெளியிட்ட ஆய்வில், 500 தடவை கடந்தபின் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் இடையே செடிக்கும் மண்ணுக்கும் ஏற்பட்ட சேதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சைக்கிள்காரர்கள் இவற்றை மேற்கோள் காட்டச் சலிப்பதில்லை. ஆனால் இவை எதுவும் பிரேக்கைப் பிடித்துப் பின்சக்கரம் இழுத்துக்கொண்டு இறங்கும் நார்த் ஷோர் மழைக்காலச் சரிவில் செய்யப்பட்டவை அல்ல. 900 வாளி மண் தோண்டுவதும் அவற்றின் கணக்கில் இல்லை. சக்கரத்தைவிடப் பாதை போட்ட கோடுதான் அதிகம் தீர்மானிக்கிறது என்று சொல்வது நேர்மையான முடிவாக இருக்கும். தவறான கோட்டில் செருப்புக்காலும் ஓடையை உண்டாக்கிவிடும்.

நிற்கும் சிக்கல்கள்

மரவேலை நிறைந்திருந்த 'எக்ஸ்பிரஸோ' என்ற தடம் 2010களில் மண்ணும் கல்லுமாக மறுபடி கட்டப்பட்டது. அதே காலத்தில் 'பாப்ஸ்லெட்' என்ற தடம் கற்றுக்கொள்கிறவர்களையும் மனதில் வைத்து வந்தது. வித்தைக்காரர்களின் மலையாக இருந்த இடத்துக்குக் குடும்பங்கள் வரத் தொடங்கின. பழையவர்கள் சிலருக்கு இது கசக்கிறது. கடினமான வேர்த்தடங்களை யாரோ மண் பூசி வழித்துவிட்டார்கள் என்ற குறை அடிக்கடி கேட்கும். அதில் நியாயம் இருக்கிறது. எல்லாத் தடமும் ஒரே மாதிரி வளைந்து துள்ளத் தொடங்கினால் எந்த மலையில் இருக்கிறோம் என்பதே தெரியாது. கடினத்தைக் காப்பாற்றிக்கொண்டே தண்ணீரை வடிக்க முடியும்; அதற்கு அதிக நேரமும் அதிகக் கல்லும் வேண்டும். கடினமான தடத்தின் வாயிலிலேயே அதன் மிகக் கடினமான தடையை வைத்துவிடுவது அங்கே பழகிய ஒரு நல்ல முறை: அதைத் தாண்ட முடியாதவர் திரும்பிப் போய்விடுவார், பாதிவழியில் மாட்டிக்கொள்ள மாட்டார்.

அனுமதியில்லாத தோண்டல் இன்றும் நடக்கிறது. அனுமதி பெற்ற புதுத்தடத்துக்கு நில அளவை, சூழல் ஆய்வு, கருத்துக்கேட்பு என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது; இருட்டில் தோண்டுகிறவருக்கு மண்வெட்டி போதும். புதிய உத்திகள் பலவும் இப்படி மறைவாக உருவானவையே என்பதைச் சங்கத்தாரே உள்ளுக்குள் அறிவார்கள். மின்சார உதவியுள்ள சைக்கிள்கள் வந்தபின் இன்னொரு கணக்கும் மாறிவிட்டது. ஏறும் களைப்பு ஓட்டுகிறவரை ஒரு சுற்றோடு வீட்டுக்கு அனுப்பியது. இப்போது அதே ஆள் மூன்று சுற்று இறங்குகிறார். தேய்மானம் மும்மடங்கு, ஆனால் வாளி தூக்க வருகிற கைகள் அதே அளவில் கூடவில்லை. தத்தெடுப்புத் திட்டத்தின் பணத்தில் எவ்வளவு பங்கு புதுத்தடத்துக்கு, எவ்வளவு பழையதின் வடிகாலைத் தூர்வாருவதற்கு என்பதே சங்கத்தின்முன் இனி நிற்கும் கேள்வி. நான் அங்கே வாக்களிக்க முடிந்தால் தூர்வாருவதற்குத்தான் கை தூக்குவேன். அக்டோபர் மழைக்கு முன்னால், இலை உதிர்ந்து வடிகால் வாயை அடைக்கும் அந்த ஒரு மாதத்துக்கு மட்டுமாவது கூலிக்கு ஆள் வைக்கச் சொல்வேன்.